கால் நகம் எடுத்தபின் கவனிக்க வேண்டியவை

மதுரையைச் சுற்றியுள்ள சமவெளியில், பேரணை முதல் கள்ளந்திரி வரை பெரியாற்றுக் கால்வாய் பாயும் இருபோக நிலங்களிலும், அதற்குக் கீழே மேலூர்ப் பகுதியின் ஒருபோக நிலங்களிலும், நடவு தொடங்கிவிட்டால் ஆணும் பெண்ணும் நாள் முழுதும் வெறுங்காலுடன் சேற்றில் நிற்கின்றனர். மல்லிகைத் தோட்டத்திலோ, விடியுமுன் ஈரமண்ணில் இறங்கிப் பூப்பறிக்க வேண்டும். இவ்விதம் காலை நம்பிப் பிழைப்பவர்க்குக் கட்டைவிரல் நகத்தின் ஓரம் சதைக்குள் புகுந்துவிட்டால், அதன் துன்பம் நாற்காலியில் அமர்ந்து வேலை செய்வோருக்கு எளிதில் விளங்காது. ஒவ்வோர் அடிக்கும் ஊசி குத்தினாற்போன்ற வலி. இரவில் போர்வை பட்டாலும் பொறுக்காது. நாளடைவில் சீழ் கட்டுகிறது. நகத்தோரம் சிவந்த புதுச்சதை வளர்கிறது. முடிவில் ஆஸ்பத்திரிக்குச் சென்று நகத்தின் ஓரத்தையோ முழு நகத்தையோ எடுக்கும்படி ஆகிறது.

நகத்தை எடுப்பது அரை மணி நேர வேலை. ஆறுவதற்கு வாரங்கள் ஆகும். அவ்வாரங்களில் நோயாளியை மருத்துவர் பார்ப்பது ஓரிரு முறைதான். மற்ற நேரமெல்லாம் அவர் தம் வீட்டிலும் தெருவிலும் வயலிலும் இருக்கிறார். ஆகவே புண் நலமாக ஆறுவதும் ஆறாமற் போவதும் பெரும்பாலும் அவர் கையிலும், அவருக்கு ஓய்வு கொடுக்கும் வீட்டார், ஊரார் கையிலும் இருக்கிறது.

நம் வட்டாரத்தில் நடந்த ஒன்றைச் சொல்லலாம். நெல் விவசாயி ஒருவர் நடவுக் காலத்தில் நகத்தை எடுத்துக்கொண்டு வந்தார். மூன்றாம் நாள் அவருடைய மடைக்கு முறைத் தண்ணீர் வந்தது. முறை தவறினால் அடுத்த முறை வரை நாற்று காயும். அவர் என்ன செய்வார்? காலில் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு மண்வெட்டியுடன் இறங்கிவிட்டார். பையோ பத்தாவது அடியில் கிழிந்தது. இரண்டு நாளில் பாதம் வீங்கிக் காய்ச்சல் கண்டு, தொடையிடுக்கில் நெறி கட்டி, ஆஸ்பத்திரியில் ஒரு வாரத்துக்கு மேல் படுக்க நேர்ந்தது. மடையைத் திறந்துவிட அண்டை வயல்காரர் ஒருவர் போதும். அவரைக் கேட்கக் கூச்சப்பட்டதால் வந்த வினை இது. அவரை யாம் குறை கூறவில்லை. முறைத் தண்ணீரின் அருமை அறிந்தவர் எவரும் குறை கூறமாட்டார்.

நகம் ஏன் உள்ளே குத்துகிறது

நகத்தின் ஓர மூலையை வளைத்து ஆழமாக வெட்டுவதே முதற்காரணம். நம் ஊர்களில் நகவெட்டி இல்லாத வீடுகளில் பிளேடால் நகத்தைக் கீறிப் பிய்க்கும் வழக்கம் இன்றும் உண்டு. பிய்த்த இடத்தில் சிறு முள் போன்ற துணுக்கு ஒன்று உள்ளே நின்றுவிடும். நகம் வளர வளர அது சதையைக் குத்திக்கொண்டு முன்னேறும். இறுக்கமான பள்ளிக்கூடப் பூட்ஸ் அணியும் பிள்ளைகளிடமும் இதைக் காண்கிறோம். வரப்பில் இடறுதல், மண்வெட்டி படுதல், மாடு மிதித்தல் ஆகியவற்றால் நகம் கோணிப்போவது மற்றொரு காரணம். பாலமேட்டிலும் அலங்காநல்லூரிலும் தைமாதத்தில் எத்தனை கட்டைவிரல்கள் நசுங்குகின்றன என்பதை யாரும் கணக்கெடுப்பதில்லை.

இதற்கும் நகச்சுற்றுக்கும் வேறுபாடு உண்டு. கைவிரலில் நகச்சுற்று வந்தால் எலுமிச்சம்பழத்தைக் குடைந்து விரலில் செருகிக்கொள்வது நம் வழக்கம். அதே நினைவில், நகம் எடுத்த கால்விரலிலும் எலுமிச்சம்பழம் செருகுவோர் உண்டு. தோல் மூடிய விரலில் புளிப்பு ஒன்றும் செய்யாதிருக்கலாம். நகம் நீங்கிப் பச்சைச் சதை தெரியும் இடத்தில் அது புண்ணை எரித்துக் கெடுக்கும்.

ஆஸ்பத்திரியில் நடப்பது

மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, வாடிப்பட்டி ஆகிய ஊர்களின் அரசு மருத்துவமனைகளுக்கோ, எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்று முதியோர் இன்றும் வழங்கும் மதுரை இராசாசி மருத்துவமனைக்கோ சென்றால், அன்றைக்கே வீடு திரும்பும் சிறு ரணசிகிச்சையாகவே பெரும்பாலும் இது முடிந்துவிடும். விரலின் அடியில் இருபுறமும் மரப்பு ஊசி போடுவார்கள். இவ்வூசியில் உள்ள லிக்னோகெயின் என்னும் மருந்தை 1943-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டில் லோஃப்கிரன் என்பவர் உருவாக்கினார். ஊசி போடும் அந்தச் சில விநாடிகள் கடுகடுக்கும். அதன் பிறகு வலி தெரியாது.

சதைக்குள் புகுந்த ஓரப்பகுதியை மட்டும் நறுக்கி எடுப்பதே இன்று பெரிதும் கையாளப்படும் முறை. நகத்தைப் பிடுங்கிவிட்டு அப்படியே விட்டால், வேரிலிருந்து வளரும் புது நகம் பலருக்கு மீண்டும் உள்ளே குத்துகிறது. ஆகையால் எடுத்த ஓரத்தின் வேரில் ஃபீனால் என்னும் கார்பாலிக் அமிலத்தைத் தடவி அவ்விடத்தில் நகம் முளைக்காமல் செய்கின்றனர். 1860-களில் லிஸ்டர் என்னும் ஆங்கில மருத்துவர் புண்களில் சீழ் பிடிக்காதிருக்கப் பயன்படுத்திய அதே அமிலம் இது. இதனால் நகம் திரும்பவும் குத்துவது வெகுவாகக் குறைகிறது. ஆனால் அமிலம் பட்ட இடம் ஒரு சிறு தீப்புண்ணுக்கு ஒப்பானது. அதிலிருந்து இரண்டு முதல் ஆறு வாரங்கள் வரை மஞ்சள் நிற நீர் கசிந்துகொண்டிருக்கும். இதைச் சீழ் என்று எண்ணி அஞ்சுவோர் பலர். ஆகவே, “அமிலம் தடவினீர்களா?” என்று மருத்துவரைக் கேட்டு அறிந்து வருவது நல்லது. பின்னர் வரும் நாட்களின் கணக்கு அதைப் பொறுத்தது.

வழக்கமாக உண்ணும் மருந்துகளையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இருதய நோய்க்கு ஆஸ்பிரின் போன்ற மாத்திரை உண்பவர் இரத்தம் கசியும் என்று பயந்து தாமாக அதை நிறுத்தலாகாது, மருத்துவரே தீர்மானிக்கட்டும். ரணஜன்னித் தடுப்பூசி கடைசியாக எப்போது போட்டது என்பதும் நினைவிருக்க வேண்டும். சாணமும் குப்பையும் கலந்த மண்ணில் ரணஜன்னிக் கிருமியின் வித்துக்கள் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கின்றன. நம் தொழில் அம்மண்ணோடுதான்.

பெண்கள் அடுத்த விரலில் அணியும் மெட்டியை முதல் நாளே கழற்றி வைப்பது அவசியம். பாதம் வீங்கினால் மெட்டி விரலை இறுக்கி இரத்த ஓட்டத்தைத் தடுக்கும். சுமங்கலி மெட்டியைக் கழற்றலாமா என்று வீட்டுப் பெரியவர்கள் தயங்குவது இயல்பே. மஞ்சள் துணியில் முடிந்து பூஜையறையில் வைத்துவிட்டு, ஆறியபின் நல்ல நாள் பார்த்து அணிவித்த ஒரு மாமியாரை நாம் அறிவோம். இதைவிடச் சிறந்த வழி நமக்குத் தெரியவில்லை.

முதல் இரண்டு நாட்கள்

மரப்பு ஓரிரு மணி நேரம், சிலருக்கு அதற்கும் மேல் நீடிக்கும். அதற்குள் வீடு சேர்வது நல்லது. தனியே போவது நல்லதன்று. இடக்கால் கட்டைவிரலில் சிகிச்சை செய்துகொண்டு மோட்டார் சைக்கிளைத் தாமே ஓட்டி வருவோரைப் பார்க்கிறோம். கியர் மாற்றுவது அந்த விரலால்தானே! மரத்த கால் சைலன்சரில் பட்டுச் சுட்டாலும் தெரியாது. டவுன் பஸ்ஸில் வருவதானால் துணைக்கு வருபவர் முன்னே நின்று பிறர் மிதிக்காமல் காக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும், வலி தொடங்குமுன்பே, மருத்துவர் கொடுத்த வலி மாத்திரையின் முதல் வேளையை உட்கொள்ளலாம். மூண்ட வலியைத் தணிப்பதைவிட மூளுமுன் தடுப்பது எளிது. பெரும்பாலும் பாரசிட்டமாலே போதுமானது. பெரியவர் ஒருவர் 500 மில்லிகிராம் மாத்திரையை ஒரு வேளைக்கு ஒன்று அல்லது இரண்டு உண்ணலாம். அடுத்த வேளைக்கு 4 முதல் 6 மணி நேரம் இடைவெளி வேண்டும். 24 மணி நேரத்தில் எட்டு மாத்திரைக்கு, அதாவது 4 கிராமுக்கு, மேற்படலாகாது. 650 மில்லிகிராம் மாத்திரையானால் வேளைக்கு ஒன்றே. உடல் மெலிந்தவர், கல்லீரல் நோய் உள்ளவர், மதுப்பழக்கம் உள்ளவர் ஆகியோர்க்கு இந்த அளவும் அதிகம். மருத்துவர் சொல்லும் அளவைத் தாண்டக் கூடாது. வலி மறக்கட்டும் என்று குடித்துவிட்டு, அதன்மேல் மாத்திரையையும் போட்டுக்கொள்வது கல்லீரலுக்குச் செய்யும் தீங்கு. இரு வேறு பெயருள்ள மாத்திரைகளில் ஒரே மருந்து இருப்பதும் உண்டு. அட்டையைக் கடைக்காரரிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளலாம்.

மருந்துக்கடையில் நோயைச் சொல்லி “ஒரு செட் மாத்திரை” வாங்கும் வழக்கம் இங்கே மிகக் கெட்ட வழக்கமாகும். அந்தப் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று வாங்குபவருக்கும் தெரியாது. சிறுநீரகத்தைக் கெடுக்கும் வலி மாத்திரையும், சர்க்கரையை ஏற்றிவிடும் ஸ்டீராய்டும் அதில் சேர்ந்திருக்கக்கூடும். நகம் எடுத்த ஒவ்வொருவருக்கும் ஆன்டிபயாட்டிக் தேவையுமில்லை; தேவையானால் மருத்துவர் எழுதுவார்.

மருந்தில்லாத வலி நிவாரணம் ஒன்று உண்டு. அது காலை உயர்த்தி வைத்தல். பாதம் இருதயத்தைவிட உயரமாக இருந்தால் இரத்தம் அங்கே தேங்காது. விண்விண்ணென்று தெறிப்பதும் அடங்கும். கயிற்றுக் கட்டிலில் படுத்து, இரண்டு தலையணையையோ மடித்த சாக்கையோ காலின் கீழ் வைத்தால் போதும். முதல் இரண்டு நாட்கள் இப்படியே கிடப்பதை நம்மவர்கள் சோம்பல் என்று கருதுகிறார்கள். அது சிகிச்சையில் பாதி.

கட்டு லேசாக நனையும் அளவுக்கு இரத்தம் கசிவது வழக்கமே. அதிகமானால் சுத்தமான துணியை அதன்மேல் வைத்து, காலை உயர்த்தி, இடையில் எடுத்துப் பார்க்காமல் கால் மணி நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும். அதற்கும் நிற்காவிடில் ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். கயிறோ ரப்பர் வளையமோ விரலில் கட்டவே கூடாது. கட்டு இறுகி விரல்நுனி நீலம் பாய்ந்து சில்லிட்டால் உடனே தளர்த்திவிட்டு மருத்துவரிடம் காட்டுக.

கட்டை மாற்றும் முறை

முதற்கட்டை மருத்துவர் சொன்ன நேரம் வரை, பெரும்பாலும் ஒன்றிரண்டு நாட்கள், அவிழ்க்கலாகாது. அதுவரை குளிக்கும்போது காலை வாளிக்கு வெளியே நீட்டி, நனையாமல் காக்க வேண்டும். பிறகு அவிழ்க்கையில் துணி புண்ணோடு ஒட்டியிருக்கும். அதைப் பிடித்து இழுப்பதுதான் இந்தச் சிகிச்சை முழுவதிலும் பெரிய வலி என்று பலர் சொல்கின்றனர். அது வேண்டாத வலி. அரை லிட்டர் நீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, தலை தட்டிய ஒரு தேக்கரண்டி உப்பைக் கலந்து, அதைக் கட்டின்மேல் மெல்ல ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டால் துணி தானே கழன்று வரும். முதல் முறையாவது ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர் முன்னிலையில் மாற்றிக்கொள்வது உத்தமம். வீட்டில் ஒருவர் அருகிருந்து பார்த்துப் பழகிக்கொள்ளலாம்.

கையைச் சோப்பிட்டுக் கழுவி, உப்பு நீரால் புண்ணை நனைத்து, ஒற்றி உலர்த்தி, மருத்துவர் கொடுத்த களிம்பு இருந்தால் தடவி, ஒட்டாத வகைக் காஸ் துணியை வைத்து இலேசாகக் கட்ட வேண்டும். கசிவு உள்ளவரை நாள்தோறும் மாற்றுவது முறை. பழைய வேட்டித் துணிதான் உண்டு என்றால் அதைக் கொதிநீரில் போட்டு வெயிலில் உலர்த்திப் பயன்படுத்தலாம்.

மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள், மூக்குப்பொடி, சாணச் சாம்பல், மண்ணெண்ணெய் என்று ஊருக்கு ஊர் ஒரு மருந்து உண்டு. இவற்றுள் எதுவும் திறந்த புண்ணில் படலாகாது. மஞ்சள் நல்லதாயிற்றே என்பர் நம் தாய்மார்கள். குழம்பில் அது நல்லது. ஆனால் கடையில் வாங்கிய தூள் கிருமி நீக்கியது அன்று. அது புண்ணில் அப்பிக்கொண்டால் அடியிலுள்ள சிவப்பையும் சீழையும் மருத்துவரால் பார்க்க முடியாமலும் போகிறது.

பத்தியம் என்ற பெயரில் முட்டை, மீன், பருப்பு, தயிர் முதலியவற்றை நிறுத்துவதும் தவறு. புதுச்சதை வளரப் புரதம் வேண்டும். நிறுத்த வேண்டியது பீடியும் சிகரெட்டும். புகை விரல்நுனிக்குச் செல்லும் இரத்தத்தைக் குறைத்து ஆறுதலைத் தாமதப்படுத்துகிறது.

எந்த வலி இயல்பு, எது அபாயம்

மரப்பு நீங்கியதும் வலி ஏறும். முதல் ஒன்றிரண்டு நாட்கள் அதிகம். மூன்றாம் நாள் முதல் நாளுக்கு நாள் குறைய வேண்டும். இந்த இறங்குமுகம்தான் முக்கியம். குறைந்த வலி மீண்டும் ஏறுமானால், அதுவும் மூன்றாம் நாளுக்குமேல் விரல் சூடாகிச் சிவப்பு பாதத்துக்குப் பரவுமானால், நாற்றமுள்ள கெட்டிச் சீழ் வருமானால், செங்கோடு ஒன்று கால்மேல் ஏறுமானால், காய்ச்சலோ தொடையிடுக்கில் நெறியோ கண்டால், அன்றே போக வேண்டும். நாளைக்குச் சந்தை நாள், நாளை மறுநாள் போகலாம் என்பது கூடாது.

சர்க்கரை நோய் உள்ளவரிடம் இந்தக் கணக்கு பலிக்காது. நெடுநாள் சர்க்கரையால் பாதத்தின் உணர்ச்சி நரம்புகள் மரத்துவிடுகின்றன. புண் அழுகினாலும் வலிப்பதில்லை. “எனக்கு வலியே இல்லை, நன்றாக ஆறுகிறது” என்று அவர் சொல்வது மகிழ வேண்டிய செய்தியன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வின்படி நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல். கிராமங்கள் இதற்கு விலக்கல்ல. அத்தகையோர் நகத்தைத் தாமாகக் கிள்ளவோ, நாவிதரிடமோ தெரிந்தவரிடமோ கொடுத்து எடுக்கவோ கூடவே கூடாது. சிகிச்சைக்குமுன் சர்க்கரை அளவும், பாதத்தின் இரத்த ஓட்டமும் பார்க்கப்பட வேண்டும். பின்னர் தினமும் காலை வெளிச்சத்தில் வேறொருவர் கண்ணால் புண்ணைப் பார்க்க வேண்டும். வெந்நீரில் காலை வைப்பதும் வேண்டாம். சூடு தெரியாமல் வெந்துபோகும். 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய “மக்களைத் தேடி மருத்துவம்” திட்டத்தில் வீடு தேடி மாத்திரை கொண்டுவரும் பெண் தன்னார்வலரிடம் விரலையும் காட்டலாம். மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு காலைச் சேலைக்குள் மறைத்துக்கொள்ளும் பாட்டிமார் நம் ஊர்களில் ஏராளம்.

வேலைக்குத் திரும்புதல்

வீட்டுக்குள் நடமாட்டம் மூன்றாம் நாள் முதல் மெல்லத் தொடங்கலாம். கட்டைவிரலுக்கு வளையம் வைத்த தோல் செருப்பு ஆகாது. விரல்மேல் வார் படாத, முன்புறம் திறந்த அகலச் செருப்பே தகும். கடையிலோ அலுவலகத்திலோ அமர்ந்து செய்யும் வேலைக்குச் சில நாட்களில் போகலாம். உலர்ந்த நிலத்து வேலைக்கு ஒன்றிரண்டு வாரங்கள் ஆகும். சேறு, சாக்கடை, மாட்டுத் தொழுவம், கண்மாய்க் குளியல் ஆகியவை கசிவு முற்றும் நின்று புண்ணின்மேல் தோல் மூடியபிறகே. அமிலம் தடவியவர்க்கு இது ஆறு வாரம் வரைகூட ஆகலாம். பழனிக்கு வெறுங்காலோடு பாதயாத்திரை போக வேண்டுதல் உள்ளவர் அந்த ஆண்டு பேருந்தில் சென்று வரலாம், முருகன் கோபிக்கமாட்டான்.

முழு நகம் எடுக்கப்பட்டிருந்தால் புது நகம் மாதத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் வளர்ந்து, முழுமை பெற ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு ஆகும். அது நுனிக்கு வந்ததும் நேர்கோட்டில் வெட்ட வேண்டும். மூலைகளைத் தோண்டக் கூடாது. குளித்தபின் நகம் இளகியிருக்கையில் வெட்டுவது எளிது.

பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கு இதில் செய்யத்தக்க பணி உண்டு. அன்றாடக் கூலி பெறும் பெண்ணுக்கு ஆறு வாரம் சேற்றில் இறங்காதே என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. அவள் அடுப்பு எப்படி எரியும்? ஊரக வேலைத் திட்டப் பணித்தளங்களில் குடிநீர் வழங்குதல், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளுதல் போன்ற அமர்ந்து செய்யும், நனையாத வேலைகளை இத்தகையோர்க்கு முதலில் ஒதுக்கலாம். முறைத் தண்ணீர் நாளில் கட்டுப்போட்ட காலுடன் இருப்பவர் மடையை யார் பார்ப்பது என்று பாசன சங்கத்தார் முன்கூட்டியே பேசி வைக்கலாம். தெருக்குழாயடியில் தேங்கும் நீரை வடியச் செய்வதும் இதே கணக்கில் சேரும். புண்பட்ட கால் வயலுக்குப் போகாவிட்டாலும் குழாயடிக்குப் போயே தீரும்.

கடைசியாக, சிகிச்சைக்கு உகந்த காலம். சீழோ காய்ச்சலோ இருந்தாலும், சர்க்கரை நோய் உள்ளவரானாலும் ஒரு நாளும் காத்திருத்தல் தகாது. மற்றவர்கள் மருத்துவரைக் கலந்துகொண்டு நாளைத் தேர்ந்துகொள்ளலாம். சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் மிதிபடாத விரலில்லை. எனவே கள்ளழகர் ஆற்றில் இறங்கி மலைக்குத் திரும்பிய பிறகு போவது நலம். இருபோகப் பகுதிக்கு அணையின் நீரிருப்பைப் பொறுத்து வழக்கமாக ஜூன் மாதத்தில் தண்ணீர் திறக்கப்படுவதால், அவர்கள் திருவிழா முடிந்த வாரத்திலேயே சென்றால்தான் நாற்றங்காலுக்குள் இறங்குமுன் தோல் மூடும். மேலூர்ப் பக்கத்தாருக்கு ஒருபோகத் தண்ணீர் பெரும்பாலும் செப்டம்பர் வாக்கில் வருவதால், ஆடிமாதம் வரை அவகாசம் உண்டு.